ஆறு இலக்கம்

புளியரை செக்போஸ்ட்டில் நின்றவர்
வாழையிலைக் கட்டுகளை எண்ணவில்லை.
டார்ச்சைக் கண்ணாடியில் அடித்தார்.
"எஃப்.சி. முடிஞ்சு நாப்பத்தோரு நாளாச்சே."

தெரியும்.
சாமிமார் பஸ்களின் வாலைப் பிடித்துக்கொண்டு
புனலூர் போய்த் திரும்பிய நாற்பத்தோரு விடியல்.
ஒரு மண்டலம்.
விரதம் இருந்தது என் குட்டியானைதான்.

"இன்னைக்குப் போ. இலை வாடிரும்.
நாளைக்கும் இதே தாளோட வந்து நிக்காத."

செங்கோட்டையில்
உதுமான் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னான்:
"வரி ஏற மாட்டேங்குதுக்கா. எஃப்.சி. வேணுமாம்."
தென்காசி ஆபீஸ் ஜன்னலில்
கம்பிக்கு உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வந்தது:
"எஃப்.சி.யா? வரி கட்டின ரசீது எங்க?"

எஸ் வளைவில்
மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும் இரண்டு லாரி.
நீ பின்னால எடு. இல்ல, நீ எடு.
நடுவில் நான்,
இலைக்கட்டுத் தண்ணீர் சொட்டச் சொட்ட.

புரோக்கர் வன்னியராஜ் பல் குத்திக்கொண்டே வழி சொன்னார்.
மனு எழுதிக் கொடுத்தால் பூட்டு திறக்கும்.
நாள் கணக்கில் அபராதம்,
அதோடு காலாண்டு வரி,
அதன்பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணும்.
தம் கணக்கை அவர் கடைசியில் சொன்னார்.
மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பூட்டு திறந்தது.
"ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கக்கா."
என் போன் மேசைமேல் சும்மா கிடந்தது.
திரையில் எட்டு நட்சத்திரம்,
அதன் வாலில் 37.
அந்த எட்டும் எனக்கு மனப்பாடம்.

வண்டி வாங்கியது அவன்.
தவணை முப்பத்தாறும் நான்.
மூன்று வருஷமாகக் கூப்பிடாத எண்ணை
நூற்றெண்பது வினாடிக்குள் கூப்பிட வேண்டும்.

"ஆரா?" என்றான்.
மலையாளம் நன்றாக ஏறியிருந்தது.
பக்கத்தில் ஒரு குழந்தை
எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது.
"ஆவுடை."
நூற்றிருபத்தெட்டு.
நூற்றிருபத்தேழு.
குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.
"ஒரு நம்பர் வந்திருக்கும். வரிக்கு."

கண்ணாடியைத் தேடுகிறான் போல.
அவனுக்கும் கிட்டப் பார்வை போய்விட்டதா?
"நாலு. பூஜ்யம். ஒம்பது..."
சைபரைப் பூஜ்யம் என்கிறான் இப்போது.
"ஒம்பது. ரெண்டு. பூஜ்யம்."

உதுமான் அடித்தான். சக்கரம் சுற்றியது.
நான் போனை வைக்கவில்லை.
அவனும்.
"ரெண்டாவது கியர் இன்னும் இடிக்குதா?"
"மாத்தியாச்சு."
மாற்றவில்லை.
இடதுகால்தான் பழகிக்கொண்டது.

"அடுத்த தடவைக்கு உங்க நம்பரையே போட்டுரலாம்க்கா,"
என்றான் உதுமான்.
கொஞ்சநேரம் தேடிவிட்டுச் சொன்னான்:
"அதுக்கும் ஒரு ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.

மைதானத்தில் இன்ஸ்பெக்டர்
சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளை
வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
"ஓனர் வரலையா?"
"ஓட்டுறது நான்."
"அது கேக்கல."
பிறகு என்ன நினைத்தாரோ,
"ஏறு. கை காட்டுற இடத்துல நிப்பாட்டு."

முதல் கியர்.
டொக்கென்று இரண்டாவது.
காட்டிய கைக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன்.
காகங்கள் எழுந்து வேலிமேல் உட்கார்ந்தன.

ரசீதில் அவன் பெயர்:
குற்றாலிங்கம், த/பெ. சங்கிலிபூதம்.
நாலாக மடித்துச்
சன்வைசருக்குப் பின்னால் செருகினேன்.
மூன்று மாதம்.

மணி ரெண்டே கால்.
நாளைக்குப் புனலூரில் ஒரு கல்யாணம்,
முந்நூறு இலை கேட்டிருக்கிறார்கள்,
நுனி கிழியாமல்.